இருட்டில் நடக்கும் பட்டாபிஷேகம்

ஒரு ஸ்தாபனத்தின் யோக்கியதையை அறிய வேண்டுமானால், அதன் தலைவர் மறைந்த மறுநாள் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைவர் இருக்கும் வரையில் எல்லா ஸ்தாபனங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். அவர் போன பிறகுதான், எது கொள்கையினால் நின்றது, எது பயத்தினால் நின்றது என்பது வெளியாகும். மடமானாலும் சரி, வியாபாரக் கம்பெனியானாலும் சரி, ஒரு ராஜ்யமேயானாலும் சரி, இந்த விதிக்கு விலக்கில்லை. வெடிகுண்டை நம்பி வாழும் கூட்டத்துக்கும் விலக்கில்லை.

அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றின் வாரிசு விவகாரத்தை நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். எங்கேயோ தூர தேசத்துப் பாலைவனத்தில் நடந்த சங்கதியாக மட்டும் இருந்தால், நமக்கென்ன என்று இருந்துவிடலாம். ஆனால் அந்தக் கூட்டத்தாரின் காலடி நம் கிருஷ்ணகிரி ஜில்லாக் குன்றுகளிலும் பட்டது என்று சர்க்கார் அதிகாரிகளே கூறியிருக்கிறார்கள். ஆகையால் மத்திகிரியிலும் ஓசூரிலும் குடியிருப்பவர்கள் இதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

எல்லையிலே ஓர் ஊர்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது மத்திகிரி. கும்பெனியார் காலத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஏற்பட்டுப் பிற்பாடு கால்நடைப் பண்ணையாக மாறிய பரந்த நிலப்பரப்பினால் அந்தப் பக்கம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றிருந்தது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் அந்தப் பிரதேசத்தின் போக்கே மாறிவிட்டது. மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் என்று பலவகைச் சாமான்களைச் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்தன. கேழ்வரகு விளைந்த கொல்லைகளில் வரிசை வரிசையாக வாடகை வீடுகள் முளைத்தன. மத்திகிரி ஓசூர் நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. 2019-இல் ஓசூரே மாநகராட்சியாயிற்று.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைவீதியில் கலந்து ஒலிப்பது அந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். இப்போது அவற்றோடு ஹிந்தியும் ஒரியாவும் வங்காளியும் அஸ்ஸாமியும் சேர்ந்துவிட்டன. வருகிறவர்கள் பிழைக்க வருகிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று விசாரிக்க அங்கே யாருக்கும் அவகாசமில்லை. வாடகை கிடைத்தால் வீட்டுக்காரருக்குத் திருப்தி. ஆள் கிடைத்தால் கண்ட்ராக்டருக்குத் திருப்தி. சில மைல் தூரம் போனால் கர்நாடகம். அங்கே போலீஸ் வேறு, பாஷை வேறு, பதிவேடும் வேறு. இத்தகைய இடம் உழைப்பாளிக்கு எவ்வளவு வசதியோ, மறைந்து வாழ நினைப்பவனுக்கும் அவ்வளவு வசதியே.

2019 அக்டோபர் 14-ந் தேதி டில்லியில் நடந்த ஒரு மகாநாட்டில் தேசியப் புலனாய்வு முகமையின் அதிகாரிகள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஜமாஅத்துல் முஜாஹிதீன் பங்களாதேஷ் என்னும் கூட்டத்தார் 2014 முதல் 2018 வரையில் பெங்களூர் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 20, 22 மறைவிடங்களை அமைத்துக்கொண்டிருந்தனர் என்பது ஒன்று. கர்நாடக எல்லையை அடுத்த கிருஷ்ணகிரிக் குன்றுகளில் அவர்கள் ராக்கெட் குண்டுகளை ஏவிச் சோதித்துப் பார்த்தனர் என்பது மற்றொன்று.

வங்காள தேசத்துக் கூட்டம் தமிழ்நாட்டுக் குன்றுக்கு ஏன் வந்தது? இதற்கு விடை காண வேண்டுமானால், அந்தக் கூட்டத்தில் ஒரு தலைவருக்குப் பின் மற்றொருவர் எப்படி வந்தார் என்ற கதையைப் பார்க்க வேண்டும்.

முதல் தலைவர்

இக்கூட்டத்தை 1998-இல் தோற்றுவித்தவர் ஷேக் அப்துர் ரஹ்மான். இவர் மதீனா நகரத்துச் சர்வகலாசாலையில் பயின்றவர். தம்மை "அமீர்" என்று அழைத்துக்கொண்டார். சேர்ந்தவர்களெல்லாம் அவருக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்து கொடுத்தார்கள். இந்தச் சத்தியத்துக்கு "பைஅத்" என்று பெயர். ராணுவப் பிரிவின் தலைவராக இருந்தவர் அவருடைய சொந்தத் தம்பி. மருமகனும் மேல்மட்டத்தில் ஒரு தலைவர். கொள்கைக்காக ஏற்பட்டதாகச் சொல்லிக்கொண்ட கூட்டம், உள்ளே பார்த்தால் ஒரு குடும்பத்தின் கைப்பிடியில் இருந்தது.

2005 பிப்ரவரியில் வங்காள தேசத்துச் சர்க்கார் இக்கூட்டத்துக்குத் தடை விதித்தது. அதே வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி, அந்நாட்டின் 64 ஜில்லாக்களில் 63-இல், அரைமணி நேரத்துக்குள் ஏறக்குறைய 500 சிறு குண்டுகள் வெடித்தன. நவம்பரில் ஜாலகாட்டி என்னும் ஊரில் இரண்டு நீதிபதிகளைக் கொன்றார்கள். அதன் பிறகு சர்க்கார் முழு மூச்சுடன் வேட்டையில் இறங்கியது. 2006 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஸில்ஹெட் நகரில் ஒரு வீட்டை முற்றுகையிட்டு அப்துர் ரஹ்மானைப் பிடித்தார்கள். சில தினங்களுக்குள் அவருடைய முக்கியத் துணைவரான "பங்களா பாய்" அகப்பட்டார். 2007 மார்ச்சு இறுதியில் தலைவர், துணைவர், தம்பி, மருமகன் உள்பட ஆறு பேர் தூக்கிலிடப்பட்டனர்.

மேல்தட்டு முழுவதும் ஒரே இரவில் அழிந்தது. கூட்டமும் அழிந்தது என்றே பலர் எண்ணினார்கள்.

சிறை வண்டியிலிருந்து சிம்மாசனம்

அழியவில்லை. மௌலானா ஸயீதுர் ரஹ்மான் என்பவர் அடுத்த அமீரானார். 2010 மே மாதம் டாக்காவில் அவரும் கைதானார். தலைவர் சிறையில் இருக்கும்போது அவருக்குக் கொடுத்த சத்தியம் செல்லுமா, செல்லாதா? அவர் இருக்கும்போதே இன்னொருவரை நியமிப்பது துரோகமா, அவசியமா? இத்தகைய கூட்டங்களில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் ஒரு கோஷ்டி பிரிந்துபோவது வழக்கம்.

இந்தக் கேள்விக்கு விடை, மார்க்க சாஸ்திரத்திலிருந்து வரவில்லை, துப்பாக்கியிலிருந்து வந்தது. 2014 பிப்ரவரி 23-ந் தேதி மைமன்சிங் ஜில்லாவில் திரிசால் என்னும் இடத்தில் கைதிகளை ஏற்றிச் சென்ற சிறை வண்டியை ஆயுதபாணிகள் வழிமறித்தார்கள். ஒரு போலீஸ்காரர் மாண்டார். மூன்று கைதிகள் விடுவிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் மறுபடி பிடிபட்டு ஒரு நாளைக்குள் கொல்லப்பட்டார். மற்ற இருவர் தப்பினர். ஒருவர் மரண தண்டனை பெற்றிருந்த ஸலாஹுத்தீன் என்னும் ஸாலேஹீன். மற்றவர் ஜாஹிதுல் இஸ்லாம். இந்த இரண்டாமவருக்கு அவருடைய கூட்டத்தார் வைத்திருந்த பெயர் "போமா மிஜான்". வங்காளியில் "போமா" என்றால் வெடிகுண்டு.

தப்பிய ஸாலேஹீன் அமீரானார் என்று புலனாய்வாளர்கள் கூறுகிறார்கள். வெடிகுண்டு மிஜான் இந்தியாவில் கூட்டத்தை நடத்தும் முக்கிய மனிதரானார். இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் தலைவருக்குக் கல்வி என்னும் ஒரு பெருமையாவது இருந்தது. அந்தக் கல்வியை அவர் தவறான வழியில் செலவிட்டார் என்பது வேறு விஷயம். 2014-இல் தலைமை ஸ்தானத்துக்கு வந்தவர்களுக்குத் தகுதியாக அமைந்தவை இரண்டே: ஒன்று, பிடிபடாமல் இருப்பது, மற்றொன்று, குண்டு செய்யத் தெரிந்திருப்பது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கூட்டத்தார் செய்யவில்லை. போலீஸாரின் வலைதான் செய்தது. வலையில் சிக்காமல் நழுவியவர் தலைவர்!

தலைவர் ஒளிந்து வாழ்பவர் ஆகிவிட்டால், கூட்டத்தின் காரியங்களும் ஒளிவிடங்களைத் தேடியே செல்லும். சொந்த நாட்டில் தேடப்பட்டவர்கள் எல்லை தாண்டி வந்தார்கள். 2014 அக்டோபர் 2-ந் தேதி, தேசமெங்கும் காந்தி ஜயந்தி கொண்டாடிய தினத்தில், மேற்கு வங்காளத்தில் பர்த்வானை அடுத்த காக்ராகட்டில் ஒரு வாடகை வீட்டில் குண்டு தயாரிக்கும்போது அது வெடித்து இருவர் மாண்டனர். அந்த வெடிச் சத்தம்தான் கூட்டத்தார் இந்தியாவில் வேரூன்றியிருப்பதை வெளிப்படுத்தியது. வங்காளத்தில் வேட்டை தொடங்கவே, தெற்கு நோக்கி நகர்ந்தார்கள். பெங்களூரைச் சுற்றிய தொழில் வட்டாரம் அவர்களுக்குத் தோதாக இருந்தது. கிருஷ்ணகிரிக் குன்றில் கேட்ட சத்தத்துக்கு இதுவே காரணம்.

2018 ஜனவரியில் புத்த கயையில், தலாய் லாமா விஜயம் செய்திருந்த சமயத்தில், மகாபோதி ஆலயத்தை ஒட்டிக் குண்டுகள் வைக்கப்பட்டன. அவ்வழக்கைத் தொடர்ந்து சென்ற அதிகாரிகள் அதே வருஷம் ஆகஸ்டு மாதம் பெங்களூருக்கு அருகில் ராமநகரத்தில் ஒரு வாடகை வீட்டில் மிஜானைப் பிடித்தார்கள். அவருக்குப் பின் இந்தியக் கிளைக்குத் தலைமை ஏற்றவர் என்று கல்கத்தாப் போலீஸார் கூறிய மற்றொருவர், ஏறக்குறைய ஒரு வருஷத்தில் கயாவில் கைதானார். 2019 மே மாதம் இந்திய சர்க்கார் இக்கூட்டத்தைத் தடை செய்தது. 2021 பிப்ரவரியில் காக்ராகட் வழக்கில் மிஜானுக்கு 29 வருஷச் சிறை தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்கிடையில் கூட்டமே இரண்டாகப் பிளந்தது. ஒரு பகுதியார் இராக், சிரியா தேசங்களில் கிளம்பிய "இஸ்லாமிய ராஜ்ய"க் கூட்டத்தின் தலைமையை ஏற்றுத் தனியே போனார்கள். கனடாவிலிருந்து திரும்பிய தமீம் சௌதுரி என்பவர் அவர்களுக்குத் தலைவரானார். 2016 ஜூலை 1-ந் தேதி இரவு டாக்காவில் ஓர் உணவு விடுதியில் 20 பிணையாளிகளையும் இரண்டு போலீஸ் அதிகாரிகளையும் கொன்ற கொடுமைக்கு இக்கோஷ்டியினரே காரணம் என்று கண்டறிந்தார்கள். ஏறக்குறைய எட்டு வாரங்களில் தமீமும் கொல்லப்பட்டார்.

செத்தவர் இட்ட ஆணை

இந்தக் கதை வங்காள தேசத்துக்கு மட்டும் உரியதன்று. ஆப்கானிஸ்தானத்துத் தாலிபான்களின் தலைவரான முல்லா உமர் 2013 ஏப்ரலில் இறந்துபோனார். அந்த மரணத்தை இரண்டு வருஷங்களுக்கு மேல் மறைத்து வைத்தார்கள். 2015 ஜூலையில் ஈத் பெருநாள் வாழ்த்துக்கூட அவர் பெயரால் வெளிவந்தது! அதே மாத இறுதியில் உண்மை வெளியானதும், அவருடைய குடும்பத்தாரே புதிய தலைவரை முதலில் ஏற்க மறுத்தார்கள். ஒரு கோஷ்டி பிரிந்து சென்றது.

அல்-காயிதாவின் தலைவர் உஸாமா பின் லாடன் 2011 மே மாதம் கொல்லப்பட்டபோது, அய்மன் அல்-ஸவாஹிரியை வாரிசாக அறிவிக்க ஆறு வாரங்கள் பிடித்தன. ஸவாஹிரி 2022 ஜூலையில் காபூலில் கொல்லப்பட்ட பின், ஒரு வருஷம் கடந்தும் அடுத்தவர் பெயரை அவர்கள் பகிரங்கமாகச் சொல்லவில்லை. "இஸ்லாமிய ராஜ்ய"க் கூட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 2019 அக்டோபரில் அல்-பக்தாதி இறந்தது முதல் 2023 ஆகஸ்டு வரையில், நாலு வருஷங்களுக்குள், நான்கு புதிய தலைவர்களை அறிவித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர், முகம் கிடையாது, வரலாறு கிடையாது. யாரென்று தெரியாத ஒருவருக்கு உயிரைக் கொடுக்கிறோம் என்று இளைஞர்கள் சத்தியம் செய்ய வேண்டும்!

இஸ்லாமிய சரித்திரத்தில் "பைஅத்" என்ற வழக்கம் ஏற்பட்ட விதத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கி.பி. 632-இல் நபிகள் நாயகம் மறைந்தபோது, மதீனாவில் மக்கள் கூடி விவாதித்து அபூபக்கர் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் பள்ளிவாசலில், எல்லோரும் பார்க்க, பகிரங்கமாகச் சத்தியப் பிரமாணம் நடந்தது. தலைவர் யார் என்பதை ஊரே அறிந்திருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தது. அந்த வழக்கத்தின் பெயரைத் திருடிக்கொண்டு, பூட்டிய அறைக்குள் முகமூடிக்கு மகுடம் சூட்டுகிறவர்கள், தங்கள் மார்க்கத்துக்குத்தான் முதல் அபசாரம் செய்கிறார்கள்.

தலைமை கைமாறுவது எப்படி என்பதற்கு நம் தேசத்திலும் உதாரணம் உண்டு. அதைத் தேடி மத்திகிரிவாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1948 ஜூனில் கவர்னர் ஜெனரல் பதவியை மவுண்ட்பேட்டனிடமிருந்து ஏற்றார். 1950 ஜனவரி 26-ந் தேதி, ஜனங்களின் அரசியல் சட்டம் அமலுக்கு வந்த அன்று, அந்தப் பதவியே மறைந்து ராஜேந்திர பிரசாத் ராஷ்டிரபதியானார். உலகமே பார்த்துக்கொண்டிருக்க நடந்த கைமாற்றம் அது. ஒரு துப்பாக்கி வெடித்தது என்றால், அது மரியாதை வேட்டு மாத்திரமே.

விழுவதற்கு நிலமில்லாமல்

தலைவரைப் பிடித்தால் கூட்டம் ஒழிந்துவிடுமா என்பதற்கு மேற்சொன்ன சரித்திரமே பதில். ஒழிவதில்லை. ஆயினும் பிடிப்பது வீண் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஒவ்வொரு தடவையும் கூட்டம் சிறுத்தது, பிளந்தது, ஊர் விட்டு ஊர் ஓடியது. 63 ஜில்லாக்களில் ஒரே சமயத்தில் குண்டு வைத்தவர்கள், பத்து வருஷங்களில் வாடகை வீட்டுக்குள் ஒடுங்கினார்கள். போலீஸாரின் பங்கு அவ்வளவு பெரிது. ஆனால் ஒடுங்குவதற்கு ஒரு வீடு இருக்கும் வரையில் மீதி இருப்பவர் மீண்டும் தலைதூக்குகிறார்.

ரத்தபீஜன் கதையை நேயர்கள் அறிவார்கள். அவனுடைய உடலிலிருந்து ஒரு துளி ரத்தம் தரையில் விழுந்தால், அதிலிருந்து இன்னொரு ரத்தபீஜன் எழுவான். வெட்ட வெட்டப் பெருகியவனைக் காளி எப்படி வென்றாள்? துளி தரையைத் தொடாதபடி தடுத்தாள். வெட்டுவதோடு, விழுவதற்கு நிலமில்லாமற் செய்ததே அந்த வெற்றியின் ரகசியம்.

அந்த நிலத்தை மறுக்கும் வேலையைச் செய்ய வேண்டியவர்கள் ஊரார். இதற்கு இலங்கைத் தமிழ் பேசும் முஸ்லிம் ஜனங்கள் ஓர் அத்தாட்சி. காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம் தமிழிலேயே பிரசங்கம் செய்து வெறுப்பை வளர்த்தவர். 2017 மார்ச்சில் சொந்த ஊர் முஸ்லிம்களோடு மோதி, தலைமறைவானார். அவரைப் பற்றி முஸ்லிம் பிரமுகர்கள் அதிகாரிகளை எச்சரித்தார்கள், எச்சரிக்கை பலிக்கவில்லை. 2019 ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டர் திருநாளில், தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஸஹ்ரானும் ஒரு ஹோட்டலில் குண்டோடு மாண்டார். மீதியிருந்தவர்கள் கிழக்கே சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் புகுந்தார்கள். புதிதாக வந்தவர்களைக் கண்டு ஐயமுற்ற அவ்வூர் முஸ்லிம்களே தகவல் கொடுத்தார்கள். ஏப்ரல் 26-ந் தேதி அந்த வீட்டைப் படையினர் சூழ்ந்தபோது, உள்ளிருந்தவர்கள் குண்டை வெடித்துக்கொண்டார்கள். குழந்தைகள் உள்பட 15 பேர் மாண்டனர். கோரமான முடிவுதான். ஆயினும் அடுத்த தலைவர் எழுவதற்கு வேண்டிய நிலம் அன்று மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் அண்டை வீட்டார்.

அப்படியிருந்தும், மறுமாதமே அந்நாட்டின் வடமேற்கு மாகாணத்தில் ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் கொளுத்தப்பட்டன. துப்புக் கொடுத்த சமூகத்தின் கூரையில் தீ வைப்பதைவிட மதியீனம் உண்டா? அடுத்த தடவை தகவல் சொல்ல யார் வருவார்கள்?

மத்திகிரி செய்யக்கூடியது

ஆகவே எல்லைப்புறத்து ஊர்களுக்கு நாம் சொல்வது இரண்டு. முதலாவது, கணக்கில் கண்டிப்பு. வீட்டை வாடகைக்கு விடுகிறவர் ஒப்பந்தம் எழுதாமல், அடையாளச் சீட்டைப் பார்க்காமல் விடக்கூடாது. 1979-இல் பார்லிமெண்டு இயற்றிய வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், கண்ட்ராக்டர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும் என்று விதித்தது. தொழிலாளியின் கூலியைக் காப்பாற்ற ஏற்பட்ட புத்தகம் அது. அதே புத்தகம் ஊரையும் காப்பாற்றும். பெயரும் ஊரும் பதிவாகியிருக்கும் மனிதனை யாரும் ஏமாற்ற முடியாது; அவன் பெயரில் வேறொருவன் ஒளியவும் முடியாது.

இரண்டாவது, மனத்தில் நிதானம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீஹார் தொழிலாளர்களை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று ஒரு பொய் வதந்தி பரவிற்று. எங்கேயோ நடந்த காட்சிகளைக் காட்டி ஏழை ஜனங்களை நடுங்க வைத்தார்கள். பீஹாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போகும்படி ஆயிற்று. வங்காளி பேசுகிறவனெல்லாம் குண்டு வைப்பவன் என்று எண்ணுவதும் இதே ஜாதி வதந்திதான். ஒரு தெருவில் பத்துப் பேரை வீணாகச் சந்தேகித்தால், அந்தப் பத்துப் பேரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பதினோராவது ஆசாமி சாத்திய கதவுகளுக்கு நடுவில் சுகமாக வாழ்வான். அவனை முதலில் அடையாளம் காணக்கூடியவர்கள் அவனுடைய பாஷையைப் பேசும் அந்தப் பத்துப் பேரே. அவர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் பயமின்றி நுழையும் தைரியம் நம்மால் ஏற்பட வேண்டும்.

பெரிய பெரிய தலைவர்களின் கதையாகத் தொடங்கிய இந்த விஷயம் ஒரு வாடகை வீட்டின் வாசலில் வந்து முடிகிறது. காக்ராகட்டில் ஒரு வாடகை வீடு, ராமநகரத்தில் ஒரு வாடகை வீடு, சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீடு. மத்திகிரியில் ஆயிரக்கணக்கான வாடகை வீடுகள் இருக்கின்றன. அவற்றில் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே காலையில் எழுந்து ஷிப்டுக்குப் போகும் நல்லவர்கள். அடுத்த வீட்டுக்காரரின் பெயரையும் ஊரையும் தெரிந்துகொண்டு, அவர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விசாரித்துவிட்டு வருகிற தெருவில், எந்த அமீருக்கும் இருட்டில் பட்டாபிஷேகம் செய்துகொள்ள இடம் கிடைக்காது.